ஸபையில் அமர்ந்தவர் பங்கு



திருக்கோயில் உத்ஸவம் என்பது ஒருவரால் நடப்பதன்று. த்வஜாரோஹணம் முதல் த்வஜாவரோஹணம் வரையில் எத்தனை கைகள்! விடியற்காலையில் திருமஞ்சனத்திற்குத் தீர்த்தம் கொணர்பவர், திருமாலை கட்டுபவர், மடைப்பள்ளியில் தளிகை செய்பவர், திருவாராதனம் செய்பவர், வேதமும் திவ்யப்ரபந்தமும் ஸேவிப்பவர், எம்பெருமானைத் தோளில் எழுந்தருளப்பண்ணும் ஸ்ரீபாதந்தாங்குவார், தீவட்டி பிடிப்பவர், வாத்தியம் வாசிப்பவர், வீதியில் நீர் தெளிப்பவர் என்று இவர்களில் ஒருவர் வாராவிடினும் புறப்பாடு தடைப்படும். திருத்தேரன்று வடம் பிடிக்கும் ஆயிரம் பேரில் ஒருவரும் 'நானே தேரை இழுத்தேன்' என்று சொல்ல இயலாது; 'நான் இழுக்கவில்லை' என்றும் சொல்ல இயலாது.

செய்தவன், செய்வித்தவன், தூண்டியவன், உடன்பட்டு மகிழ்ந்தவன் ஆகிய நால்வருக்கும் கர்மபலனில் ஸமபங்கு உண்டென்பது பெரியோர் வழங்கும் ஒரு ஸுபாஷிதத்தின் கருத்து. ஆகவே வடத்தைத் தொட்டவனுக்கும் பங்குண்டு. தொட முடியாமல் திண்ணையில் அமர்ந்து கைகூப்பிய கிழவிக்கும் பங்குண்டு. இதைக் கேட்டால் எல்லோருக்கும் உள்ளம் குளிரும். ஆனால் அந்த ஸுபாஷிதம் புண்ணியத்தோடு நிற்கவில்லை. பாபத்திற்கும் அதே கணக்கைச் சொல்லுகிறது. புண்ணியத்தில் பங்கு கேட்டு முன்னே வருகிறவர், பாபத்தின் பங்கைப் பேசத் தொடங்கினால் கூட்டத்தின் பின்னே போய் நின்றுகொள்வர்.

ஓர் அலுவலகத்தில் ஆதரவற்ற ஒருவருடைய மனு தள்ளப்படுகிறது. எழுத்தர் விதியைக் காட்டுகிறார். மேலாளர் எழுத்தரின் குறிப்பைக் காட்டுகிறார். அவருக்கும் மேலுள்ளவர், தமக்குக் கீழே இருவர் கையொப்பமிட்டிருப்பதைக் காட்டுகிறார். மூவரும் வீட்டிற்குப் போய் நிம்மதியாக உண்டு உறங்குகின்றனர். மூவரும் கெட்டவர்களல்லர், வெள்ளிக்கிழமை தோறும் ஸந்நிதிக்கு வந்து கண்ணீர் மல்க நிற்பவர்களாகவும் இருக்கலாம். மனு தள்ளப்பட்ட அந்த ஏழையின் கண்ணீர் எவர் கணக்கில் எழுதப்படும்? இக்கேள்வி இன்று நேற்றுப் பிறந்ததன்று. ஹஸ்தினாபுரத்து ஸபையில் ஒரு ஸ்த்ரீ இதைக் கேட்டாள். அந்த ஸபையில் வேதம் அறிந்தவர்கள் இருந்தனர், வில் அறிந்தவர்கள் இருந்தனர், நீதி அறிந்தவர்களும் இருந்தனர். விடை மட்டும் வரவில்லை.

சூதில் யுதிஷ்டிரர் நாட்டை இழந்தார், நகுலனையும் ஸஹதேவனையும் அர்ஜுனனையும் பீமனையும் முறையே இழந்தார், தம்மையும் இழந்தார். அதன் பின்னர் சகுனி எடுத்துக் கொடுக்க, திரௌபதியைப் பணயமாக வைத்தார். அதிலும் தோற்றார். உடனே துர்யோதனன் விதுரரை நோக்கி அவளை அழைத்து வருமாறு ஏவினான். விதுரர் மறுத்தார், மறுத்ததோடு அவனை இடித்தும் உரைத்தார். விதுரரைக் கட்டாயப்படுத்த துர்யோதனனால் முடியவில்லை. அப்போது அவன் என்ன செய்தான் என்பதுதான் கவனிக்கத் தக்கது. தான் எழுந்து போகவில்லை. தன்னைவிடத் தாழ்ந்த நிலையிலிருந்த ஒரு பணியாளனை அழைத்தான். அவன் பெயர் பிராதிகாமி, ஸூத குலத்தவன். மேலே இருப்பவர் மறுத்தால் ஆணை நின்று விடுவதில்லை; மறுக்க இயலாதவனைத் தேடிக் கீழே இறங்குகிறது.

பாரதக் கதை சொல்பவர்கள் பிராதிகாமியை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவர். துச்சாதனனையும் பீமனையும் பேசுவதற்கே நேரம் போதாது. ஆனால் வ்யாஸ பகவான் அவனை அவ்வாறு கடந்துபோகவில்லை. முதலில் அவன் திரௌபதியிடம் சென்று நடந்ததைச் சொன்னான். அவள், யுதிஷ்டிரர் முதலில் தம்மைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா என்று ஸபையில் கேட்டு வா என்றாள். அவன் வந்து கேட்டான். யுதிஷ்டிரர் அசைவற்று இருந்தார். கேள்வியை அவளே இங்கு வந்து கேட்கட்டும் என்றான் துர்யோதனன். இரண்டாம் முறை போகும்போது அந்தப் பணியாளனுக்கு மனம் நொந்துவிட்டது. கௌரவர்களுக்கு அழிவு நெருங்கிவிட்டதென்று அவளிடமே சொன்னான். தர்மம் அறிந்த ஸபையோர் என்ன சொல்லுகிறார்களோ அதன்படி நடப்பேன் என்று அவள் மீண்டும் சொல்லியனுப்பினாள். அவன் அதையும் சுமந்து வந்து ஸபையின் நடுவே வைத்தான். எல்லோரும் தலை குனிந்திருந்தனர். மறுபடியும் போ என்று துர்யோதனன் ஏவியபோது, பிராதிகாமி உடனே நகரவில்லை. தன் கர்வத்தை விட்டு, ஸபையோரை நோக்கி, க்ருஷ்ணையிடம் நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டுவிட்டான்.

அந்த மண்டபத்தில் ஆஸனமின்றி நின்றவன் அவன். அவ்வளவு பேரும் தீர்ப்புச் சொல்ல அமர்ந்திருக்க, கேள்வியை ஏந்தி நின்றவன் ஒரு வேலைக்காரன். அவன் ஆணையை எதிர்க்கும் வலிமை உடையவனல்லன். ஆனால் ஆணையை மட்டும் சுமந்து செல்லாமல், திரும்பி வரும்போது பாதிக்கப்பட்டவளின் கேள்வியையும் சுமந்து வந்தான். அவனால் இயன்றது அவ்வளவே. இயன்றதில் அவன் குறை வைக்கவில்லை. இவன் பீமனுக்கு அஞ்சுகிறான் என்று இகழ்ந்து, துர்யோதனன் துச்சாதனனை அனுப்பினான். பிறகு நடந்தது உலகம் அறிந்தது.

பீஷ்மர் என்ன சொன்னார்? பலரும் அவர் வாய் திறவாதிருந்தார் என்று நினைக்கிறார்கள். அது சரியன்று. அவர் பேசினார். தர்மத்தின் கதி ஸூக்ஷ்மமானது; தனக்கு உரிமையில்லாதவன் பிறர் பொருளைப் பணயம் வைக்க முடியாது; ஆயினும் மனைவி கணவனுக்கு வசப்பட்டவள் என்பதும் உண்டு; ஆகையால் இதற்குத் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை என்றார். இதில் பொய் ஏதுமில்லை. இரண்டு பக்கத்து ந்யாயங்களையும் எடைபோட்டுச் சொன்ன பேச்சுத்தான். குறை எங்கே என்றால், எடைபோடும் நேரத்தில் ஒரு ஸ்த்ரீயின் கூந்தலைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் ஓரிடத்தில் அவரே இன்னொரு உண்மையையும் சொல்லிவிட்டார்: வலிமையுள்ளவன் எதைத் தர்மம் என்று காண்கிறானோ அதையே மற்றவரும் தர்மம் என்று சொல்லும்படி ஆகிவிடுகிறது என்று. இது வில்லேந்திய பெரியவர் ஒருவருடைய வாக்குமூலம்.

பீஷ்மர் ஏன் அந்நிலையில் சிக்கினார் என்பதைப் பரிவோடு நினைக்கவேண்டும். தந்தைக்காக அரசு துறந்தார். ஸந்ததி வேண்டாமென்று சபதம் செய்தார். சிம்மாஸனத்தில் எவன் அமர்ந்தாலும் அதைக் காப்பதே தம் கடமை என்று வாழ்நாளைச் செலவிட்டார். தியாகத்தில் தொடங்கிய வாழ்வு அது. ஆனால் சிம்மாஸனத்தைக் காக்கிறவர், அதில் அமர்ந்தவன் செய்வதையும் காக்க நேரிட்டது. யுத்தம் தொடங்குமுன் யுதிஷ்டிரர் வணங்க வந்தபோது, மனிதன் பொருளுக்கு அடிமை என்றும், கௌரவரின் பொருளால் தாம் கட்டுண்டதாகவும் அவரே நொந்து கூறினார். பெரிய நிறுவனங்களிலும் சங்கங்களிலும் முதுமை வரை உழைத்தவர் பலருக்கு இந்த நோவு புரியும். தாம் வளர்த்த மரமாயிற்றே என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் துரோகம் இல்லை, பாசந்தான் இருக்கிறது. அதனாலேயே அது கடினமாகிறது.

ஆயினும் அதே அரண்மனையின் அன்னத்தை உண்டவர்தாம் விதுரர். அவர் பேசினார்.

பேசிய மற்றொருவன் விகர்ணன்; துர்யோதனனின் தம்பி. பெரியவர்கள் விடை சொல்லாவிட்டால் நான் சொல்லுகிறேன் என்று எழுந்து, தம்மை முன்பே இழந்தவர் வைத்த பணயம் செல்லாது, அவள் ஐவருக்கும் பொதுவானவள், பணயத்தை எடுத்துக் கொடுத்தவனும் சகுனியே என்று காரணங்களை அடுக்கினான். ஸபையில் அவனைப் புகழ்ந்து ஆரவாரம் எழுந்தது. கர்ணன் எழுந்து, சிறுபிள்ளை மூத்தோர் நடுவே பேசுகிறான் என்று அடக்கினான். ஆரவாரம் செய்தவர்கள் உடனே அடங்கிவிட்டனர். அவர்கள் மனம் விகர்ணன் பக்கந்தான் இருந்தது. மனம் இருந்து என்ன பயன்? பிற்காலத்தில் விகர்ணன் அண்ணன் பக்கத்தில் நின்றே போர் புரிந்து பீமன் கையால் மாண்டான். பீமன் அவனைக் கொன்றுவிட்டு வருந்தினான் என்கிறது பாரதம். நூற்றுவரையும் கொல்வதாகச் செய்த சபதத்திற்கு விலக்கு வைக்கப் பீமனால் முடியவில்லை. அநீதி என்று அறிந்தும் அண்ணனை விட்டு விலக விகர்ணனாலும் முடியவில்லை. விபீஷணாழ்வானுக்கு முடிந்தது. எல்லோரும் விபீஷணராவதில்லை. கடலைத் தாண்டி வந்தாலும் அங்கே ஏற்றுக்கொள்ளச் சக்ரவர்த்தித் திருமகன் இருக்கவேண்டுமே.

துகில் வளர்ந்த அற்புதத்தையும் அந்த ஸபை கண்டது. கண்ட பின்பும் கேள்விக்கு விடை சொல்லவில்லை என்பது நெஞ்சை உலுக்கும் செய்தி. அப்பொழுதுதான் விதுரர் எழுந்து, இரு கைகளையும் உயர்த்தி, ப்ரஹ்லாதனின் கதையைச் சொன்னார். நரஸிம்ஹனுடைய பிள்ளையாகவே நாம் நினைக்கும் அந்த ப்ரஹ்லாதன் வளர்ந்து அரசனாயிருந்த காலத்தது. அவன் மகன் விரோசனனுக்கும், ஆங்கிரஸரின் மகன் ஸுதந்வாவுக்கும் ஒரு கன்னிகையைக் குறித்து யார் உயர்ந்தவர் என்ற வாதம் மூண்டது. இருவரும் உயிரைப் பணயமாக வைத்து ப்ரஹ்லாதனிடமே தீர்ப்புக் கேட்டனர். இளமையில் தந்தையின் ஆணையை எதிர்த்து நின்றவனுக்கு இப்பொழுது மகனின் உயிர் எதிரே நின்றது. அவன் கலங்கிக் கச்யப மஹரிஷியிடம் சென்று, தெரிந்தும் விடை சொல்லாதிருப்பவனுக்கு என்ன கதி என்று கேட்டான்.

கச்யபர் சொன்ன கணக்கு மிகத் தெளிவானது. ஆசையாலோ கோபத்தாலோ அச்சத்தாலோ தெரிந்த விடையைச் சொல்லாதவன் ஆயிரம் வருண பாசங்களால் தன்னைக் கட்டிக்கொள்கிறான். ஓராண்டு நிறைந்தால் ஒரு பாசம் அவிழும். நிந்திக்கத் தக்கதை நிந்திக்காத ஸபையில், பாபத்தில் பாதி அந்த ஸபையின் தலைவனைச் சேரும். கால் பங்கு செய்தவனைச் சேரும். மீதிக் கால் பங்கு, கண்டும் நிந்திக்காமல் அமர்ந்திருந்தவர்களைச் சேரும். நிந்திக்கத் தக்கவனை நிந்தித்துவிட்டாலோ, தலைவன் பாபமற்றவனாகிறான், அமர்ந்தவர்கள் விடுபடுகிறார்கள், முழுப் பாபமும் செய்தவனையே சென்றடைகிறது.

மநுவும் எட்டாம் அத்தியாயத்தில் இத்தகைய ஒரு கணக்கைச் சொல்லுகிறார். ஆனால் அவர் நான்கு கால்களாகப் பிரிக்கிறார்: செய்தவனுக்கு ஒன்று, ஸாக்ஷிக்கு ஒன்று, ஸபையோருக்கு ஒன்று, அரசனுக்கு ஒன்று. கச்யபரோ தலைமைக்குப் பாதி வைக்கிறார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், செய்த கைக்குக் கால் பங்குக்கு மேல் எவரும் கொடுக்கவில்லை என்பது விளங்கும். துச்சாதனன் கையைச் சபிப்பது எளிது. அவன் பங்கு கால்தான். மீதி முக்கால் பங்கும் ஆஸனங்களில் அமர்ந்திருந்தது.

இங்கே ஒரு சங்கை எழும். பலர் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் பாபம் துளியாகிவிடாதோ? நூறு பேர் அமர்ந்த ஸபையில் கால் பங்கை நூறாகப் பிரித்தால் மிஞ்சுவது என்ன? இப்படித் தாராளமாக வகுத்துக்கொள்வதற்கு இடமில்லை. வருண பாசங்களைச் சொன்னபோது கச்யபர் அவற்றை ஸபையோருக்குப் பொதுவாக வைக்கவில்லை. தெரிந்தும் சொல்லாதவன் ஒருவனுக்கே ஆயிரம் என்றார். ஸபையில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த எண் குறைவதாகச் சொல்லவில்லை. ப்ரஹ்லாதன் இதைக் கேட்டுத் திரும்பி வந்து, தன் மகனைவிட ஸுதந்வாவே உயர்ந்தவன் என்று தீர்ப்பளித்தான். அதில் மகிழ்ந்த ஸுதந்வா விரோசனனின் உயிரைத் திருப்பிக் கொடுத்தான்.

தலைவனுக்குப் பாதி என்பதன் பொருளை ஸ்ரீராமாயணத்தில் வேறொரு விதமாகக் காணலாம். பெருமாள் வனத்திற்கு எழுந்தருளும் நாள். ஸுமந்த்ரர் தேரைச் செலுத்துகிறார். பின்னே ஓடிவந்த சக்ரவர்த்தி தேரை நிறுத்து என்கிறார். தேரிலிருக்கும் பெருமாள் செலுத்து என்கிறார். இரு சக்கரங்களின் நடுவே அகப்பட்டாற்போல் அம்மந்திரியின் உள்ளம் ஆயிற்று என்கிறார் வால்மீகி முனிவர். எஜமானர் ஒருவர், ஏற்றிச் செல்லப்படுபவர் ஒருவர். எதைக் கேட்டாலும் ஒரு குற்றம். பெருமாள் அவரைத் தவிக்க விட்டுவிடவில்லை. துயரத்தை நீட்டிப்பது தீங்கு என்று காரணம் கூறி, பின்னால் அரசர் கடிந்துகொண்டால் காதில் விழவில்லையென்று சொல்லிவிடும்படி அருளினார். ஸத்யமே வடிவானவர் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர் உண்டு. வ்யாக்யானங்கள் அதற்குப் பல ஸமாதானங்கள் கூறட்டும். இங்கு பார்க்கவேண்டியது, பணியாளன் தலையில் விழவிருந்த பழியைத் தலைவன் தன் ஆணையால் தன்மேல் வாங்கிக்கொண்ட அழகு. துர்யோதனன் தன் பழியைப் பிராதிகாமியின் காலடியில் இறக்கிவைத்தான். பெருமாள் ஸுமந்த்ரரின் பழியை எடுத்துக்கொண்டார்.

வாயில் காப்போரின் நிலையும் இத்தகையதே. சோழன் ஒருவனுடைய உபத்ரவத்தால் உடையவர் திருவரங்கத்தை விட்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளியிருந்த காலம். ஆசாரியனுக்காக அரசவைக்குச் சென்று கண்களை இழந்த கூரத்தாழ்வான், திருவரங்கத்திற்கு மீண்டு பெரிய பெருமாளை ஸேவிக்கச் சென்றார். உடையவரின் ஸம்பந்தமுடைய எவரையும் உள்ளே விடலாகாதென்று வாயிற்காவலருக்கு ஆணை. ஒருவன் தடுத்தான். அவனருகே நின்ற மற்றொருவன் ஆழ்வானின் குணங்களை அறிந்தவன். இவர் எல்லோருக்கும் நல்லவர், இவரை விடலாம் என்றான். அவன் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆணையையும் மீறாமல், நல்லவரையும் தடுக்காமல், நடுவே ஒரு சிறு வழி கண்டுவிட்டதாக அவன் நினைத்திருக்கக் கூடும். ஆழ்வான் பின்வாங்கினார். ஆசாரிய ஸம்பந்தத்தை விலக்கிவைத்துத் தம் குணங்களுக்காகக் கிடைக்கும் ஸேவை தமக்கு வேண்டாமென்று திரும்பிவிட்டார். பின்பு திருமாலிருஞ்சோலைக்குச் சென்று அழகர் ஸந்நிதியில் வாழ்ந்து ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளினார்.

நல்லவர் ஒருவருக்கு மட்டும் கதவைத் திறப்பதில் ஆணை அழிவதில்லை. அது இன்னும் உறுதிப்படுகிறது. விலக்குப் பெற்றவர் உள்ளே போய்விடுவார். வெளியே நிற்பவர்களைப் பற்றிக் கேட்பதற்கு ஒருவர் குறைந்துவிடுவார். கண்ணில்லாத ஆழ்வானுக்கு இது தெரிந்தது. கோயில் வாயில்களில் இவ்வகைத் தடைகள் நெடுங்காலம் இருந்தன என்பதைக் கோயிலைச் சேர்ந்தவர்களே மறைக்கலாகாது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் ஆலயப்ரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாக்ஷியம்மன் கோயிலில் ஹரிஜனங்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது. அதுவரை வாயிலில் நின்று தடுத்தவர் எவரும் அவ்விதியைத் தாமே இயற்றியவரல்லர். வந்த வழக்கம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஸாத்விகர்களும் இருந்தனர் என்பதே வருத்தத்திற்குரியது.

எனில், அமைப்பே வேண்டாம், ஆளுக்கொரு வழியாகப் போகலாம் என்று கொள்வது தகுமோ? தகாது. கி.பி. 1017-இல் அவதரித்த எம்பெருமானார் அப்படி நினைக்கவில்லை. திருவரங்கத்தில் கைங்கரியங்கள் சீர்குலைந்திருந்தபோது, முன்பிருந்த ஐந்து கொத்துக்களைப் பத்தாக விரித்து, இன்னார்க்கு இன்ன பணி என்று வரையறுத்தார் எனக் கோயிலொழுகு கூறும். உக்ராணத்திலிருந்து மடைப்பள்ளி வரை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் உண்டாயினர். ஒழுங்கு வந்தால் அதுவரை ஒழுங்கின்மையால் லாபமடைந்தவர்களுக்குக் கோபமும் வரும். திருவரங்கத்திலும் வந்தது.

குருபரம்பரை நூல்கள் சிறு சிறு பேதங்களோடு சொல்லும் வரலாறு இது. உடையவர் ஏழு வீடுகளில் மாதுகரம் ஏற்று அமுது செய்வது வழக்கம். அவர்மீது த்வேஷம் கொண்ட ஒருவன் தன் வீட்டில் இடும் அன்னத்தில் விஷம் கலந்து, அதை இடும்படி தன் மனைவிக்கு ஆணையிட்டான். அந்த ஸ்த்ரீயின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். பதியின் சொல்லைத் தட்டலாகாதென்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவள். வாசலில் நிற்பவரோ யதிராஜர். மறுத்தால் அவளுக்குப் புகலில்லை. அவள் மறுத்தாலும் வேறொரு கை அந்த அன்னத்தை இட்டிருக்கும். அவள் அன்னத்தை இட்டாள். இட்டுவிட்டு, வழக்கத்தில் இல்லாதபடி, கண்ணீரோடு அவர் திருவடிகளில் விழுந்து தண்டன் ஸமர்ப்பித்தாள்.

உடையவருக்குப் புரிந்துவிட்டது. அவ்வன்னத்தைத் திருக்காவேரியில் சேர்த்துவிட்டு உபவாஸமிருந்தார்.

அவள் செய்தது போதுமா என்று கேட்டால் சாஸ்த்ரஜ்ஞர்கள் பலவாறு விடையளிப்பர். ஆணையை நிறைவேற்றிவிட்டாளே என்பர் சிலர். ஆனால் பிராதிகாமியைப் போலவே அவளும், கொடுத்ததோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தாள். அவளுக்கு வாய் திறக்க இடமில்லை. உடம்பு முழுவதையும் மண்ணில் கிடத்திச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள். அவள் பெயரை நூல்கள் சொல்லவில்லை. அவள் இல்லையேல் ஸ்ரீபாஷ்யம் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் உடல் நடுங்குகிறது.

செய்தி திருக்கோட்டியூருக்கு எட்டியது. திருக்கோட்டியூர் நம்பி பதறி எழுந்து திருவரங்கத்திற்குப் புறப்பட்டார். நம்பி வருகிறார் என்று கேட்டு உடையவர் சிஷ்யர்களோடு எதிர்கொண்டு சென்றார். நடுப்பகல், காவேரி மணல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆசாரியனைக் கண்டதும் உடையவர் அம்மணலில் விழுந்து வணங்கினார். எழுந்திரு என்று ஆசாரியன் சொல்லும்வரை எழலாகாதென்பது முறை. நம்பி சொல்லவில்லை. சிஷ்யர்கள் சுற்றி நின்றனர். அவர்களுக்கும் அந்தத் திருமேனி வேகிறதே என்ற தவிப்பு இல்லாமலிருக்குமா? ஆனால் ஆசாரியனுக்கு ஆசாரியன் நிற்கிறார். அவருக்கும் தம் ஆசாரியனுக்கும் இடையே தாம் புகுவது அபசாரமாகுமே என்று நின்றார்கள். முறை தவறாதவர்கள், உத்தமமான சிஷ்யர்கள். மணலின் கொதிப்பு மட்டும் குறையவில்லை.

கிடாம்பி ஆச்சான் பொறுக்கவில்லை. பாய்ந்து சென்று உடையவரை வாரி எடுத்தார். இந்த மெல்லிய திருமேனியை இப்படி வாட விடுவதும் ஒரு முறையோ என்று நம்பியை நேராகவே கேட்டுவிட்டார். நின்றவர்கள் திகைத்துப் போயினர். ஆசாரியன் முன்னிலையில் ஒரு சிஷ்யன் இவ்வாறு பேசுவது கேள்விப்படாத செயல்.

நம்பியின் திருமுகம் மலர்ந்தது. இவருடைய திருமேனியில் பரிவுடையவர் ஒருவரைத் தேடியே வந்ததாகவும், அவரைக் கண்டுகொண்டதாகவும் அருளிச்செய்து, இனி உடையவருக்கு மாதுகரம் வேண்டாம், ஆச்சானே அமுது சமைத்து ஸமர்ப்பிக்கட்டும் என்று நியமித்தார். அன்று முதல் உடையவரின் தளிகைக் கைங்கரியம் ஆச்சான் கையில் இருந்தது. அவர் வம்சத்தில் தோன்றிய கிடாம்பி அப்புள்ளார்தாம் ஸ்வாமி தேசிகனுக்கு மாதுலரும் ஆசாரியருமானவர். அடுப்பங்கரையில் நின்று ஆச்சான் உடையவரின் திருவாயால் கேட்ட அர்த்தங்கள் அவ்வழியே வந்ததால், அந்தப் பரம்பரைக்கு மடைப்பள்ளி ஸம்ப்ரதாயம் என்றே பெயர் வழங்கிவருகிறது.